பங்கு பிரியாத வீட்டுத் தண்ணீர்

சாவு விழுந்த மையித்து வீட்டுக்குப் போகும்போது சாச்சி இரண்டு சாமான்களை மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார். ஒன்று, சர்பத் வந்த பழைய கண்ணாடிப் போத்தலில் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மற்றது, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிய பாய். மௌத்தானவரின் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார். அந்த வீட்டுக் கதிரையில் உட்காரமாட்டார். துறைமுகத்துப் பக்கத்து வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த வீட்டு ஃபேனுக்குக் கீழே நிற்கமாட்டார். முற்றத்தில் மர நிழல் பார்த்துப் பாயை விரித்து, போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே ஓதுவார். அங்கிருந்தே வீட்டையும் பார்ப்பார்.

அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காது.

ஏன் இப்படி என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. ஆள் கண்ணை மூடிய அந்த நிமிஷமே வீடும் வளவும் சீனிப் போத்தலும் வாரிசுகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதில் கட்டாரில் இருக்கிற மகனின் பங்கும் இருக்கும், தாயின் மடியில் இருக்கிற பிள்ளையின் பங்கும் இருக்கும். அவர்களைக் கேட்காமல் எடுத்துக் குடித்தால் அது களவு. யாரோ ஒருத்தி பகிடியாக ஃபேனைப் பற்றிக் கேட்டபோதும் சாச்சி சிரிக்கவில்லை.

"காத்து அல்லாட. ஃபேன் வாரிசுக்காரர்ட. கரண்ட் பில் ஆர் கட்டுற?" என்றார்.

மூன்று நாளைக்கு அயலவர்கள் சமைத்து அனுப்புகிற சோற்றை மட்டும் சாப்பிடுவார். அதற்கும் ஒரு விசாரணை உண்டு. இந்தச் சட்டி யார் வீட்டுச் சட்டி, இந்த அப்பளத்தை எங்கே பொரித்தது. மையித்து வீட்டுக் குசினியில்தான் பொரித்தது என்று தெரிந்தால் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்பளத்தை ஓரமாக ஒதுக்கிவைப்பார். ஒதுக்கிய அப்பளம் தட்டில் கிடப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அப்போதுதான் அந்த வீட்டில் இன்னும் பங்கு பிரிக்கவில்லை என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

அவர் எனக்கு இரத்த உறவில்லை. எங்கள் வாப்பாவின் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் சின்னம்மா முறையில் சாச்சிதான். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கணவர் முன்னமே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. ஊர்ச் சாவுகளெல்லாம் தன் பொறுப்பு என்பதுபோல நடந்துகொள்வார். ஒரு வீட்டில் ஓதிவிட்டுப் போனவர், நாற்பதாம் நாள் கத்தத்துக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றபடியே, "அந்த மணிக்கூடு எங்க?" என்று கேட்டார். சுவரில் மணிக்கூடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மூத்த மகன் திருத்துவதற்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மணிக்கூடு பழைய இடத்திலேயே தொங்கியது, ஓடாமல்.

இப்படிப்பட்டவரைப் பற்றி ஊரில் கதைக்குக் குறைவிருக்குமா? ஒரு சட்டத்தரணிக்கு வழக்குப் பிடித்துக் கொடுக்கிறார் என்றார்கள். விற்பனைக்கு வரப்போகிற வீட்டை மலிவாக வளைத்துப்போடத்தான் இந்த நோட்டமெல்லாம் என்றார்கள். எங்கள் உம்மா ஹயாத்தோடு இருந்த காலத்தில், இந்த மனிசி எங்கேயோ நன்றாக விழுங்கிவிட்டு வந்துதான் இப்போது வாயைக் கழுவுகிறது என்பார். மூன்றையும் நான் நம்பினேன். ஒன்றுக்கொன்று பொருந்தாதே என்ற கவலையெல்லாம் எனக்கு இருக்கவில்லை.

பிறகு எங்கள் வாப்பா மௌத்தானார். சாச்சி தெருவைக் கடந்து வந்து எங்கள் முற்றத்து முருங்கைக்குக் கீழே பாயை விரித்தார். அழுது வீங்கிய முகத்தோடு நானே ஒரு கிளாஸ் பிளேன்டீ கொண்டுபோய் நீட்டினேன். என் சொந்த வாப்பாவின் வீட்டிலும் இந்த நாடகமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீனி ஆர்ட, மகள்?" என்று கேட்டார்.

"எங்கட."

"எங்கட எண்டா?"

கிளாஸோடு திரும்பி வந்தேன். அந்தத் தேநீரை நானே குசினியில் நின்று குடித்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுக்கு ஒரு வீடு கொடுப்பார்கள். ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படித்தான் எனக்கு வாப்பா வேறு தெருவில் ஒரு வீடு கட்டித் தந்தார். என் அண்ணன்மார், நானாவும் சின்ன நானாவும், மனைவிமார் வீடுகளில் இருந்தார்கள். வாப்பா விட்டுப்போனது பழைய வீடும், துறைமுகப் பக்கம் வலையும் கயிறும் எஞ்சின் எண்ணெயும் விற்கிற கடையும். உம்மா முன்னமே போய்விட்டதால் வாரிசு நாங்கள் மூவர்தான். மார்க்கப்படி ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. சீதன வீடு வாங்கியவளுக்கு இனி என்ன பங்கு என்று ஊர் சொல்லும். சீதனம் வேறு, வாரிசுப் பங்கு வேறு என்று மார்க்கம் சொல்லும். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. கேட்டால் நானாவின் முகம் கோணும், அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பங்குப் பேச்சை யார் எடுத்தாலும் நானா, "பிறகு பாப்பம்" என்பார். அந்தப் பிறகு வருவதற்குள், அடுத்த நோன்புக்கு முன்பு, சின்ன நானா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்து விழுந்தார். மகன் ஒன்று, மகள் ஒன்று, இரண்டும் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள். நானா ஜனாஸாவில் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை, எனக்குத் தெரியும். தம்பியின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளுவேன் என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். அரிசி போனது, பால்மா போனது, டியூஷன் காசு போனது. நானாவின் ஓட்டோச் சத்தம் கேட்டதும் சின்ன நானாவின் மனைவி, எங்கள் மதினி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். இப்படி ஒரு பெரியப்பா யாருக்குக் கிடைக்கும் என்று ஊர் மெச்சியது.

சாச்சி மட்டும் மெச்சவில்லை. மதினியின் வீட்டில் அதுவரை தேத்தண்ணி குடித்தவர், நானா கடைக் காசில் அரிசி அனுப்பத் தொடங்கிய பிறகு அதையும் நிறுத்திவிட்டார். நான் போயிருந்த ஒரு நாள் அவரும் அங்கே போத்தலோடு இருந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு, நானா இந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை வைத்தார் என்று கேட்டேன்.

"பாத்துக்கொள்ளுறது வேற மகள், குடுக்கிறது வேற" என்றார் சாச்சி. மதினி கேட்காததுபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில்தான் நானா வாப்பாவின் பழைய வீட்டுத் தரைக்கு மாபிள் போட்டார், சுவருக்கு நிறம் அடித்தார், புதுக் கேற் வைத்தார். அவருடைய இரண்டாவது மகளுக்குக் கிண்ணியாவில் நல்ல இடத்தில் சம்பந்தம் பேசியிருந்தது. பெண்ணுக்குக் கொடுக்க ஒரு வீடு வேண்டும். நானாவுக்குச் சொந்தமாக வீடில்லை, அவர் இருப்பது மனைவியின் வீடு, அதுவும் மூத்த மகளுக்குப் போய்விட்டது. எஞ்சியது வாப்பாவின் வீடுதான். இரண்டாவது மகளுக்கு அதைக் கொடுக்கப்போவதாக எனக்கு நானா சொல்லவில்லை, மதினிக்கும் சொல்லவில்லை. நிறத்தின் மணத்திலிருந்து நாங்களாகவே பிடித்துக்கொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. நானா சாமர்த்தியக்காரர். சாச்சியைக் கூப்பிடாமல் விட்டால் அவர் எதிர் வீட்டு ஜன்னலில் இருப்பார், கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லுவார். கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ் சர்பத் குடிக்கவைத்துவிட்டால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய உறுதிப் பத்திரம் எந்த நொத்தாரிசும் எழுதித் தர முடியாது. கூப்பிடுவதற்கு என்னைத்தான் அனுப்பினார். சாச்சி உடனே, "ஓம் மகள், வாறன்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அன்றைக்கு நல்ல சேலை கட்டி, ஒரு கைப்பையோடு வந்தார். பாய் இல்லை. கையில் போத்தலும் இல்லை. நானாவின் முகம் மலர்ந்தது. உள்ளே சஹன் தட்டுகளில் ஆடிறைச்சிச் சோறு தயாராக இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா மாபிளைப் பார்த்து, கேற்றைப் பார்த்து, திருப்தியோடு வந்து உட்கார்ந்தார். நானாவே தட்டில் சர்பத் எடுத்துவந்து முதல் கிளாஸை அந்த அம்மாவுக்கும் இரண்டாவதைச் சாச்சிக்கும் கொடுத்தார். சாச்சி வாங்கிக்கொண்டார்.

சாச்சி கிளாஸை வைத்துக்கொண்டே குசினிப் பக்கம் பார்த்து மதினியைக் கூப்பிட்டார். மதினி கையைத் துடைத்தபடி வந்தார்.

"பிள்ளைகள் எங்க மகள்?"

"டியூஷன் போயிருக்கு சாச்சி."

"இது அதுகள்ட வீட்டுச் சர்பத்தும்தானே. கேக்காம எப்பிடிக் குடிக்கிற?"

குரலை உயர்த்தவில்லை. பால் வாங்கப் போன கதை சொல்வதுபோலச் சொன்னார். கிளாஸைப் பக்குவமாகத் தட்டில் வைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து அந்தக் கண்ணாடிப் போத்தலை எடுத்து, மூடியைக் கழற்றிக் குடித்தார்.

மாப்பிள்ளையின் உம்மா வாய்க்குக் கொண்டுபோன கிளாஸைக் கீழே இறக்கினார். எந்தப் பிள்ளைகள் என்று நானாவைக் கேட்டார். தம்பியின் பிள்ளைகள் என்றார் நானா. தம்பி எங்கே என்றார். மௌத் என்றார் நானா. வீடு யாருடைய பேரில் என்று கேட்டார். வாப்பாவின் பேரில் என்றார். வாப்பா? அவரும் மௌத் என்றார் நானா. அந்த அம்மா எழும்பி முக்காட்டைச் சரிசெய்தார். தகப்பன் இல்லாத பிள்ளைகளின் வீட்டில் என் மகனைக் குடியேற்ற ஏலாது என்றார். அவ்வளவுதான். வேன் புறப்பட்டுப் போனது. ஒரு சஹனிலும் யாரும் கை வைக்கவில்லை.

நானாவின் மகள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டாள். அடுத்த நாள் காலையில் நான் சாச்சியின் வீட்டுக்குப் போய் என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். என் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்தான். ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது, யாருக்காக இந்த வேலை பார்க்கிறீர்கள், எங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன கண் என்று கேட்டேன். சாச்சி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் குடிச்சனான் மகள்" என்றார்.

கணவரின் குடும்பத்துக்கு மீன் காயவைக்கிற வாடி ஒன்று இருந்ததாம். மாமனார் மௌத்தானார். பங்கு பிரிக்கவில்லை. பின்னால் கணவரின் நானாவும் போனார், ஒரு பையனை விட்டுவிட்டு. பார்த்துக்கொள்ளுவேன் என்று கணவர் சொன்னார். பையன் இவர்களோடு சாப்பிட்டான், தண்ணீர் அள்ளினான், மீன் கழுவினான். கொஞ்சம் வளர்ந்ததும் யாரோ ஒருவரின் படகில் கூலிக்கு ஏற்றிவிட்டார்கள்.

"சோத்துக்கு வந்து நிக்கிற பொடியன் எண்டுதான் நான் நினைச்சனான். அவன்ட சோத்தைத்தான் அவனுக்குப் போட்டிருக்கன். அதிலயும் குறைச்சுப் போட்டனான்."

நான் விடவில்லை. அந்தப் பையன் இப்போது எங்கே என்று கேட்டேன். அதை ஏன் கேட்கிறாய் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கோழிகளுக்கு அரிசி போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நானா கத்தினார், சாப்பிடாமல் இருந்தார், எதிர் வீட்டைப் பார்த்துக் கேற்றை அடித்துச் சாத்தினார். ஆனால் கிண்ணியாவிலிருந்து ஃபோன் வரவில்லை, மகளும் அறையை விட்டு வரவில்லை. கடைசியில் பள்ளிவாசல் ஆட்களையும் நொத்தாரிசையும் கூப்பிட்டு உட்கார்ந்தார். சின்ன நானாவின் பங்காகக் கடையின் பெரும்பகுதி மதினியின் பேருக்கும் பிள்ளைகளின் பேருக்கும் போனது. வீடு நானாவுக்கும் எனக்கும் வந்தது. என் பங்கை நானாவின் மகளுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் சொன்னதும் நானா உடனே எழுதச் சொன்னார். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாச்சி சொல்லியனுப்பினார், கையில் வாங்காத சாமானைக் கொடுக்க ஏலாது என்று.

அதனால் நானா என் பங்கு அறைப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். புது நிறத்தின் மணம் இன்னும் போகவில்லை. நானா தன் கையால் இது உன்னுடையது என்று எனக்கு எதையாவது தந்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், அந்தத் திறப்பைக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. விட்டுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வாங்கிப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். பிறகு வெளியே வந்து நானாவின் மகளின் கையில் வைத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், இருவரும் ஒரே காரணத்துக்கு அழவில்லை.

உறுதியைப் பார்த்த பிறகு கிண்ணியாக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கலியாணத்துக்குச் சாச்சி கையை வீசிக்கொண்டு வந்து புதுக் கதிரையில் உட்கார்ந்தார், நேராக ஃபேனுக்குக் கீழே. நானா சர்பத்தை நீட்டினார். சாச்சி அடிவரைக்கும் குடித்தார்.

"சீனி கூட, மகன்" என்றார்.

நானா சிரிக்கவில்லை. இன்றுவரை அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

சாச்சி மௌத்தான செய்தி ஒரு காலைப்பொழுதில் ஃபோனில் வந்தது. அவசரமாகப் புறப்படும்போது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கைப்பையில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவருடைய வளவுக்குள் போன பிறகுதான் பார்த்தேன், வந்திருந்த எல்லாப் பெண்களிடமும் ஒரு போத்தல் இருந்தது. கேற்றடியில் நின்ற நானாவின் கையிலும் கடையில் வாங்கிய சோடாப் போத்தல். உள்ளே ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் மாமரத்துக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். பிள்ளையில்லாத மனிசி, வீட்டில் பங்கு கேட்டு யார் யார் வரப்போகிறார்களோ என்று ஒருத்தரையொருத்தர் ஓரக்கண்ணால் பார்த்தோம்.

கடல் வெயிலில் கறுத்த, ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். யாரும் கை நீட்டவில்லை. அவருக்கு அது விளங்கியது.

"எடுங்க. வீடு என்ட. சீனியும் என்ட. சாச்சி நல்ல சுகத்தோட இருக்கக்குள்ளயே உறுதி முடிச்சு என்ட கையில தந்திட்டா. பிறகு எனக்கு வாடகை தந்துதான் இதில இருந்தவ."

அது சாச்சியின் சீதன வீடு. தாய் தகப்பன் அவருக்குக் கொடுத்தது, வாடிக் காசில் ஒரு கல்லும் அதில் இல்லை. இவர்தான் அந்த வாடிப் பையன் என்று எனக்கு வேறு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தப் பையன் எங்கே என்று நான் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது இதற்குத்தான். எங்கள் உம்மா சொன்னது சரிதான், விழுங்கியவர்தான் வாயைக் கழுவினார். இவ்வளவு காலமும் தன் சொந்த வீட்டில் வாடகைக்கு இருந்து கழுவியிருக்கிறார். நானா தலையைக் குனிந்தபடி வந்து முதல் கிளாஸை எடுத்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் எடுத்தோம்.

ஜன்னல் கட்டில் சாச்சியின் கண்ணாடிப் போத்தல் இருந்தது, பாதித் தண்ணீரோடு. விழுந்துவிடப்போகிறதே என்று நகர்த்திவைக்கக் கையை நீட்டினேன்.

"தங்கச்சி, அதைத் தொடாதீங்க" என்றார் அந்த மனிதர். "அது மட்டும்தான் அவட."

பாயையும் உடுப்பையும் கோழிகளையும் ஆளாளுக்குக் கொடுத்து முடித்த சாச்சி, காலையில் குடித்துவிட்டு வைத்த போத்தலைக் கொடுக்க நேரமில்லாமல் போய்விட்டார். அவருக்கு வாரிசென்று மிஞ்சியவர்கள், மௌத்தாகிப்போன அவருடைய நானாவின் இரண்டு ஆண்மக்கள் மட்டும்தான். மூதூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் தூசியோடு வந்து இறங்கினார்கள். மூத்தவர் தாகத்தில் ஜன்னல் கட்டுப் போத்தலை எடுத்தார். அந்த மனிதர் விஷயத்தைச் சொன்னதும் கை அப்படியே நின்றது.

"நீ தாறியா?" என்று இளையவரைக் கேட்டார்.

"பாதி உனக்கு. பாதி எனக்கு வை" என்றார் இளையவர்.

மூத்தவர் போத்தலை அண்ணாந்து பிடித்துக் குடித்தார். நான் கண்ணை எடுக்காமல் தண்ணீரின் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியது. இருந்ததில் பாதிக்கு வந்தது. அதற்குக் கீழேயும் ஒரு மிடறு இறங்கியது.

"தம்பி, நிப்பாட்டுங்க" என்றேன்.